டூக்ஸ்பரி ஆர்கன்: மூன்று நாள் குறிப்பு

மார்ச் 9, 2024, சனி

இங்கிலாந்தின் குளோஸ்டரில் பஸ் ஏறி டூக்ஸ்பரி அபே என்ற பழைய மடாலயச் சர்ச்சுக்குப் போனேன். பாடகர் குழு உட்காரும் பகுதியில் அண்ணாந்து பார்த்தால் பழைய ஆர்கன் நிற்கிறது, குழல்களில் காற்று புகுந்து ஒலிக்கும் பெரிய வாத்தியம். முன்வரிசைக் குழல்கள் மொழுக்கென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். சிலவற்றில் வெள்ளிச் சொம்பில் தட்டி எடுத்தது போலப் புடைப்பு வேலை! வெளிச்சம் படும் பக்கம் மினுங்குகிறது, மறுபக்கம் ஈயச் சட்டி நிறம்.

ஊர்ச் சர்ச்சில் ஆர்மோனியப் பெட்டியோடு வளர்ந்தவன் நான். அதற்கும் இதற்கும் காற்றுதான் மூலதனம். அங்கே துருத்தியை இடது கையால் அசைத்தால் போதும். இந்த மாதிரி ஆர்கனுக்கு, மின்சாரம் வரும்வரை, துருத்தி போட என்றே தனி ஆள் வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

இதன் கதையைப் படித்தேன். 1631 வாக்கில் ராபர்ட் டல்லம் ஆக்ஸ்போர்டின் மாக்டலென் கல்லூரிக்குச் செய்தது. 1644ல் சர்ச்சுகளில் உள்ள ஆர்கன்களை அகற்றச் சொல்லி நாடாளுமன்றம் ஆணை போட்டது. எத்தனையோ ஆர்கன்கள் நொறுங்கின. இதை மட்டும், மன்னராட்சியை ஒழித்தபின் நாட்டை ஆண்ட கிராம்வெல் 1654ல் கழற்றி, தான் வசித்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கொண்டுபோனார். ஆராதனையில் ஆகாது, வீட்டில் கேட்டால் தப்பில்லை! சரி, அந்த ஆசைதான் இதைப் பிழைக்க வைத்தது.

செய்தவர் கதையும் அதேதான். கத்தோலிக்கரான டல்லம் 1642லேயே பிரான்சின் பிரிட்டானிக்குப் போய் அங்கே ஆர்கன் செய்து பிழைத்தார். 1660ல் மன்னராட்சி திரும்பியதும் அவர் இங்கிலாந்து வந்தார், ஆர்கன் ஆக்ஸ்போர்டுக்குப் போனது. 1737ல் டூக்ஸ்பரிக்கு விற்றுவிட்டார்கள்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

மறுபடி போனேன். வடக்குப் பக்கம் இன்னொரு ஆர்கன், பெயர் குரோவ். 1885ல் லண்டன் கண்டுபிடிப்புக் கண்காட்சிக்காகச் செய்தது. குரோவ் என்ற பாதிரியார் வாங்கி 1887ல் அபேக்குக் கொடுத்தார். புதியது வந்தும் பழையதைத் தூக்கிப் போடவில்லை, நல்லவேளை.

பழையதற்கு 'மில்டன் ஆர்கன்' என்று பெயர். கிராம்வெல் அரசில் வேலை பார்த்த கவிஞர் மில்டன் ஹாம்ப்டன் கோர்ட்டில் இதை வாசித்தார் என்பது செவிவழிக் கதை. டல்லம் பெயரை வைத்திருக்கலாம். அவருக்குக் கவிதை வரவில்லை போலிருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. 1652லேயே மில்டனுக்குப் பார்வை முழுசாகப் போய்விட்டது. வாசித்தது உண்மையானாலும், நான் கழுத்து வலிக்கப் படம் எடுத்த அந்தப் புடைப்பு வேலையை அவர் பார்த்தே இருக்க முடியாது.

எடுத்த படங்களும் பாதி மங்கல்.