பினைன்னு எழுதினாலும் வேலை முடியாது

மார்பக பயாப்சி ஸ்லைடு பாக்குற பேத்தாலஜிஸ்ட் நான். கேன்சரோ ஃபைப்ரோஅடினோமாங்கற சாதாரண, கேன்சர் இல்லாத கட்டியோ வந்தா பெரும்பாலும் சீக்கிரம் ரிப்போர்ட் எழுதிடலாம், உக்கார வச்சு யோசிக்க வைக்கிறது எப்பவாவது வர்ற பினைன் (கேன்சர் இல்லாத) கட்டிங்கதான்.

கிரானுலர் செல் ட்யூமர எடுத்துக்கோங்க. தொட்டா கெட்டியா இருக்கும், மேமோகிராம்ல ஓரமெல்லாம் முள்ளு முள்ளா தெரியும், ரேடியாலஜிஸ்ட் பைரேட்ஸ் 5ன்னு, அதாவது கேன்சரா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு போட்டிருப்பாங்க, வீட்ல பாதி பேர் அழுதே முடிச்சிருப்பாங்க. ஸ்லைடுல பாத்தா பெரிய செல்லு, உள்ள பொடிப்பொடியா துகள், நியூக்ளியஸ் சின்னதா அடக்கமா இருக்கும். நரம்ப சுத்தியிருக்கிற ஷ்வான் செல் வகைலேர்ந்து வர்றது இது, அதனால மார்பக கேன்சர்ல பாசிட்டிவா வர்ற கெரட்டின் ஸ்டெயின் இதுல நெகட்டிவ், ஷ்வான் செல்ல காட்டுற எஸ்100 ஸ்டெயின் பாசிட்டிவ். அந்த ரெண்டு ஸ்டெயினும் வந்தப்புறம்தான் எனக்கு மூச்சே வரும். ஆபரேஷன் நடக்கும்போதே ஃப்ரோசன் (திசுவ உறைய வச்சு உடனே பாக்குற டெஸ்ட்) அனுப்பி அவசரப்படுத்தினா இத கேன்சர்னு சொல்லிடுற ஆபத்து நிஜமாவே உண்டு, அதான் கோர் பயாப்சி (தடிமனான ஊசில எடுக்குற துண்டு) முதல்லயே எடுத்துடுங்கன்னு சர்ஜன்கள நச்சரிக்கிறேன். சுத்தி கொஞ்சம் நல்ல திசுவோட எடுத்தா பெரும்பாலும் போதும், கீமோ எல்லாம் கிடையாது.

ஃபில்லோடிஸ்ங்கற கட்டி இதுக்கு நேர் எதிர், பாக்க ஃபைப்ரோஅடினோமா போலவே சாதுவா இருக்கும், ஆனா மடமடன்னு வளரும். ஊசில வர்ற துண்டு ரொம்ப சின்னது, அதுல இலை இலையா விரியற அமைப்பு சிக்காமலே போகலாம். அப்போ 'ஃபில்லோடிஸா இருக்கலாம், முழுசா எடுத்துப் பாக்கணும்'னுதான் எழுத முடியும், இதப் படிக்கிற பேஷண்டுக்கு எரிச்சல் வரும், நியாயம்தான். அதுக்காக ஃபைப்ரோஅடினோமான்னு எழுதிட்டா கட்டிய மட்டும் உரிச்சு எடுத்துடுவாங்க, மிச்சம் இருந்தா அதே இடத்துல திரும்ப வரும்.

டெஸ்மாய்டுங்கற நார்த்திசு கட்டில இன்னொரு தலைவலி. வேற உறுப்புக்குப் பரவாது, ஆனா அக்கம்பக்கத்துல ஊடுருவிப் போகும், வெட்டினாலும் திரும்பி வர்ற புத்தி அதுக்கு. முன்னெல்லாம் உடனே கத்திதான், இப்போ நிறைய பேருக்கு முதல்ல ஸ்கேன் போட்டு கவனிச்சுட்டு வர்றாங்க, சிலருக்கு தானாவே சுருங்குறதும் உண்டு. பினைன்னு ஒத்த வார்த்தைல எழுதி அனுப்புற ரிப்போர்ட் மேல எனக்கு கோவம் வர்றது இதனாலதான், எவ்வளவு வெட்டணும், வெட்டணுமாங்கறதே கட்டியோட பேர வச்சுதான் முடிவாகுது.

ஹமர்டோமாங்கற கட்டி வந்தா மைக்ராஸ்கோப்பே உதவாது. சுரப்பி, கொழுப்பு, நார் எல்லாம் சாதாரண மார்பகத்துல இருக்கிறதேதான். ஸ்கேன்ல தனியா எல்லை கட்டி நிக்குதுன்னு யாராவது சொல்லலைன்னா 'நார்மல் திசு'ன்னு எழுதிடுவேன், அவங்க ஊசி கட்டில படலையோன்னு மறுபடி குத்துவாங்க. ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல 'மார்பகக் கட்டி'ன்னு மட்டும் எழுதி வந்தா ரேடியாலஜிக்கு போன் போட்டுட்டுதான் ரிப்போர்ட்ல கையெழுத்து போடுறேன், அவங்க திட்டினாலும் சரி.