யமாரீயா

நவம்பர் 4, திங்கள்
டாக்டர் கூப்பிடவில்லை.

நவம்பர் 5
கண் ஃபோனுக்கே போகிறது. ஸ்பானிய நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கொந்திசியொனால், 'இப்படி இருந்தால் அப்படிச் செய்வேன்' என்கிற நிபந்தனை வடிவம், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட பாடம். ஒருசில வினைகளைத் தவிர, வினையின் முழு வடிவத்தை வெட்டாமல் கொள்ளாமல் வைத்து, விகுதியை மட்டும் ஒட்டினால் போதும். பேசுவது அப்லார், அப்லாரீயா. சாப்பிடுவது கொமேர், கொமேரீயா. வாழ்வது பிபிர், பிபிரீயா. ஆர், எர், இர் மூன்றுக்கும் விகுதி ஒன்றே. நிகழ்காலம் படுத்திய பாட்டுக்கு இதாவது கிடைத்தது.

கூப்பிடுவது யமார். யமாரீயா, யமாரீயாஸ், யமாரீயா, யமாரீயாமோஸ், யமாரீயைஸ், யமாரீயான். நானுக்கும் அவருக்கும் ஒரே வடிவம்.

நவம்பர் 6
சிரிமிரி. பில்பாவோவின் இந்தத் தூறலுக்குக் குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமலும் முடியாது. நெர்பியோன் கரையோடு சந்தை வரை நடந்தேன். இங்கே ஆற்றையும் ரீயா என்றுதான் சொல்கிறார்கள். எங்கே போனாலும் ரீயா!

இவர் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

நவம்பர் 8
டாக்டர் அன்று சொன்னது 'யமாரே எல் லூனெஸ்', திங்கட்கிழமை கூப்பிடுகிறேன். சுத்தமான எதிர்காலம். அதையே இன்று நான் யாரிடமாவது சொன்னால் 'தீஹோ கே யமாரீயா', கூப்பிடுவதாகச் சொன்னார். நடுவில் ஒரு திங்கட்கிழமை போய்விட்டது, அவ்வளவுதான். கூப்பிட்டாரா இல்லையா என்று அந்த வினை வாயே திறக்காது. அந்த்ரெஸ் பெய்யோ 1847-இல் சிலியில் வெளியிட்ட இலக்கணத்தில் இதற்குப் போஸ்ப்ரெதெரிதோ என்று பெயர் வைத்தார்: இறந்தகாலத்தில் நின்று பார்த்தால் அதற்குப் பின்னால் வருவது. நிபந்தனை என்ற பேச்சே இல்லை. எனக்கு அவர் கட்சிதான். நான் யாருக்கும் எந்த நிபந்தனையும் போடவில்லையே, கூப்பிடுங்கள் என்றுதானே கேட்கிறேன்.

நவம்பர் 9
கீழ்வீட்டுப் பாட்டி சூப் கொண்டுவந்தார். 'சி தெந்த்ரீயா கோச்சே, ஒஸ் யெபாரீயா.' கார் இருந்தால் நானே கூட்டிப்போவேன் என்கிறார். புத்தகப்படி 'இருந்தால்' என்பதில் வரும் 'ஆல்' மாதிரியான 'சி'க்குப் பின்னால் துபியெரா என்ற வேறு வடிவம் வர வேண்டும், ரீயா போட்ட தெந்த்ரீயா கூடவே கூடாது. ஆனால் பாஸ்க் நாடு, புர்கோஸ், ரியோஹா பக்கமெல்லாம் பேச்சில் இப்படித்தான். இதைப் போய் யார் திருத்துவது? இரண்டு பேரும் சூப்பைக் காலி செய்தோம்.

நவம்பர் 11, திங்கள்
அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தேன்: பொத்ரீயா அப்லார் கோன் எல் தொக்தோர்? டாக்டரிடம் பேச முடியுமா? மரியாதைக்கும் இதே வடிவம்தான். வரவேற்பில் இருந்த பெண் அதைவிட மரியாதையாக, 'யமாரா' என்றார். கூப்பிடுவார். மறுபடி எதிர்காலம்.

சரி.

நவம்பர் 12
செரீயான் லாஸ் தோஸ். இரண்டு மணி இருக்கும், இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலி இல்லையாம். விளக்கைப் போடாதே என்றார். அப்புறம் ஊரில் மாமரத்தை வெட்டியது சரியா தப்பா என்று விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 13
கூப்பிட்டார்கள். நாளை காலை ஒன்பதரைக்கு. இரண்டு பேரும் வர வேண்டுமாம்.

ஏன் இரண்டு பேரும்?