திறந்து கிடந்த வால்வு

போன வாரம் வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் சர்வீஸ் செய்யப் போயிருந்தேன். பின்பக்கம் வெறும் மண் தரையில் 3 டீசல் பேரல். பத்தடி தள்ளிக் கிணறு. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

15 வருடத்துக்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஜெனரேட்டர் என் பொறுப்பில் இருந்தது. 5,000 லிட்டர் டீசல் டேங்க், கால் வைத்துத் தூக்கி நிறுத்தியது. சுற்றிலும் 4 மீட்டருக்கு 3 மீட்டர், அரை மீட்டர் உயரத்தில் தடுப்புச் சுவர். நாங்கள் டைக் என்போம். கணக்குப் போட்டால் 6,000 லிட்டர் பிடிக்கும். டேங்கே உடைந்தாலும் எண்ணெய் வெளியே போகாது.

ஆனால் மழை பெய்தால்? ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் அந்தச் சுவருக்குள் 1,200 லிட்டர் தண்ணீர் நிற்கும். மிச்சம் 4,800 லிட்டருக்குத்தான் இடம். டேங்குக்கு அதுவே போதாது. அதனால் தண்ணீரை வெளியேற்றச் சுவரின் அடியில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அன்று காலை மழைத்தண்ணீர் போகட்டும் என்று யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். மூடவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. மதியம் லாரி வந்தது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கோல் விட்டுப் பார்க்காமல், முந்தின நாள் கணக்கை நம்பி ஏற்றச் சொன்னேன். நிரம்பி வழிந்தது. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் 400 லிட்டராவது போயிருக்கும். சுவர் நன்றாகத்தான் இருந்தது. டீசல் வால்வு வழியாகச் சாக்கடைக்கும், அங்கிருந்து பின்தெருவுக்கும் போய்விட்டது.

நாலு நாள் கழித்து ஒரு அம்மா சொம்பில் கிணற்றுத் தண்ணீரோடு கேட்டில் வந்து நின்றார். "மோந்து பாருப்பா தம்பி, இதைக் குடிக்க முடியுமா?" என்னால் தலை நிமிர முடியவில்லை. பாலாறு வறண்டு கிடக்கிற எங்கள் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீர்தானே சொத்து! கிணற்றை எத்தனையோ முறை இறைத்தும் வாடை மாசக்கணக்கில் போகவில்லை.

அதற்கப்புறம்தான் சட்டங்களைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எண்ணெய்க் கசிவுத் தடுப்பு விதியில் இந்த வால்வைப் பற்றியே தனியாக எழுதியிருக்கிறது. எப்போதும் மூடி முத்திரை வைத்திருக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்துவிட்டு, பொறுப்பானவர் முன்னால் திறந்து, மறுபடி மூடி, பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்தபோது வயிறு கலங்கியது. ஒரு பூட்டும் ஒரு நோட்டும் இருந்திருந்தால் அந்தக் கிணறு கெட்டிருக்காது.

1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் சுமார் 1.5 கோடி லிட்டர் பிடிக்கிற டீசல் டேங்க் ஒன்று பிளந்தது. வேறு ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து கட்டியது, இரும்புக்கு 40 வயது. முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவும் இல்லை. எண்ணெய் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து, மூடாமல் கிடந்த ஒரு மழைநீர் வடிகாலில் இறங்கி மொனாங்கஹீலா ஆற்றில் கலந்தது. அங்கேயும் மூடாத ஒரு வழி.

நம் பெட்ரோலியச் சட்டம் 1934-இல் வந்தது. டீசல் மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். அமெரிக்காவிலும் சுமார் 5,000 லிட்டருக்கு மேல்தான் அந்த விதி. உரிமம் இல்லாமல் விடுவது சரி, எல்லாரையும் அலைய விட முடியாது. ஆனால் தடுப்பே வேண்டாம் என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்டபத்தில் பார்த்த 3 பேரலில் பிடிக்கிற 600 லிட்டரே ஒரு கிணற்றைக் கெடுக்கத் தாராளம்.

மண்டபத்து மேனேஜரிடம் இதையெல்லாம் சொன்னேன். பேரலுக்கு அடியில் சிமென்ட் தளம், சுற்றி ஒன்றரை அடிச் சுவர், மேலே தகரக் கூரை. கூரை இருந்தால் மழைத்தண்ணீர் தேங்காது, வால்வே வைக்க வேண்டியதில்லை. "எவ்வளவு ஆகும் சார்?" என்று கேட்டார். கொத்தனாரை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.