ஷாக்குக்கு முன்னால் ஏ.டி.பி.: விழித்திருக்கும் நோயாளியின் வி.டி.யை நிறுத்துவது

நோயாளிக்கு வி.டி., அதாவது இதயத்தின் கீழறையில் எழும் அதிவேகத் துடிப்பு. நிமிடத்துக்கு 150. நெஞ்சில் ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பைக் கண்டறிந்து நிறுத்த உடலுக்குள் பொருத்தும் கருவி) இருக்கிறது, ஆனால் அது சும்மா இருக்கிறது. கருவியில் கோளாறு இல்லை. 170-ஐத் தாண்டினால்தான் கவனிக்கும்படி அதை செட் செய்திருப்பார்கள். துடிப்பைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரை வி.டி.யின் வேகத்தை அந்த எல்லைக்குக் கீழே இறக்கிவிட்டிருக்கும். நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

ரத்த அழுத்தம் தாங்குகிறது, ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் ப்ரோகிராமர் (ஐ.சி.டி.யை வெளியிலிருந்து இயக்கும் கணினி) வழியே நாமே ஏ.டி.பி. (வி.டி.யைவிடச் சற்று வேகமாகக் கொடுக்கும் சிறு மின் பல்ஸ்களின் தொடர்) கொடுக்கலாம். அதற்கு முன் வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் பேட் இரண்டையும் ஒட்டியாக வேண்டும், கருவிக்கு நேர் மேலே படாமல். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

திரையில் கீழறைத் துடிப்பு மேலறையைவிட அதிகமாக, அதனோடு ஒட்டாமல் ஓடினால் வி.டி. உறுதி. 150 என்றால் துடிப்புகளுக்கு இடையே 400 மில்லி செகண்ட். அதில் 88 சதவீதம் 352; 350 என்று வைத்து 8 பல்ஸ் கொடுக்கிறோம். பழைய மாரடைப்புத் தழும்பைச் சுற்றி மின் அலை செக்குமாடு போலச் சுழல்கிறது. அந்தச் சுற்றில் அலை இன்னும் வந்து சேராத, தூண்டினால் இயங்கக்கூடிய தசை கொஞ்சம் இருக்கும். பல்ஸ் அங்கே புகுந்துவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். ஷாக்கின் வலி இதில் கிடையாது.

கடைசி பல்ஸுக்குப் பின் சிறிய இடைவெளி, பிறகு அகலம் குறைந்த இயல்பான துடிப்பு வந்தால் வேலை முடிந்தது.

வராவிட்டால், பல்ஸ் ஓடிய நேரத்துத் துடிப்புகளை அளந்து பாருங்கள். அப்போதும் 400 மாறாமல் இருந்தால் பல்ஸ் தசையைப் பிடிக்கவே இல்லை: வோல்டேஜையும் பல்ஸ் அகலத்தையும் கூட்டுங்கள். 350-க்கு இழுபட்டு, பல்ஸ் நின்றதும் பழைய 400-க்கே திரும்பினால் பிடித்திருக்கிறது, ஆனால் சுற்றுக்குள் போதிய ஆழம் போகவில்லை. அப்போது பல்ஸ் எண்ணிக்கையை 10 அல்லது 12 ஆக்குகிறோம். அல்லது இடைவெளியை 10 மில்லி செகண்ட் குறைக்கிறோம். ஒரேயடியாக 300-க்கு இறங்குவது ஆபத்து. வி.டி. வேகம் பிடித்து வி.எஃப். (கீழறை ஒழுங்கின்றி நடுங்கி, ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) ஆகிவிடலாம், அப்போது ஷாக் ஒன்றுதான் வழி. பேட் முன்கூட்டியே ஒட்டியிருக்க வேண்டியது இதற்காகத்தான்.

துடிப்பு சீரானதும் பலர் ப்ரோகிராமரை மூடிவிடுகிறார்கள். அது தவறு. கண்டறியும் எல்லையை 130 அளவுக்கு இறக்கி, அந்த ஜோனில் (வேக வரம்பில்) ஏ.டி.பி.யைச் சேர்க்காவிட்டால் அடுத்த முறையும் கருவி பேசாமல்தான் இருக்கும். மாடிப்படி ஏறும்போது அவருடைய இயல்பான துடிப்பே 130-ஐத் தொடுமா என்பதையும் பார்த்துவிட்டு எல்லையை வையுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே அதைச் சரிசெய்யுங்கள்.