பலூன் தின்ற 7 ஜிபி

குலசேகரத்தில் ரப்பர் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு சர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடைபோட வரிசை கட்டி நிற்கும், பார்த்து அந்த நேரத்தில்தான் ஒரு பில்லுக்கு 40 விநாடி ஆகும். "சாரே, இன்னும் சுத்திட்டுதான் கெடக்கு" என்று போன் வரும். நாகர்கோவிலில் இருந்து நான் போய்ச் சேருவதற்குள் கூட்டம் கலைந்து எல்லாம் சரியாகியிருக்கும்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஒரு வாரம் குவெரியையே (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) நோண்டினேன், வேகமாகத் தேட இன்டெக்ஸ் போட்டேன், தரவை ராமில் வைத்துக்கொள்ளும் இடமான ஷேர்டு பஃபர்ஸை, தானாக வரும் 128 எம்பியில் இருந்து 4 ஜிபிக்கு ஏற்றினேன். காலையில் பறக்கும், நாலு மணிக்குப் படுக்கும். சர்வர் ஒரு விஎம், அதாவது ஒரு நிஜ மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் கணினி. கடுப்பில் அதன் விசிபியுவை (மெய்நிகர் சிபியு) 4-இல் இருந்து 8 ஆக்கியதும் இன்னும் மோசம்.

அப்புறம் ஒரு நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். விஎம்முக்கு ராம் 16 ஜிபி. மெமரி கணக்கு சொல்லும் ஃப்ரீ கட்டளை 15 ஜிபி தீர்ந்தது என்கிறது. ஒவ்வொரு புரோகிராமும் தின்பதைக் காட்டும் டாப் கட்டளையில் தெரிவதை எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினால் 8-ஐத் தாண்டவில்லை. மீதி 7 எங்கே? விஎம்முக்குள் ஓடும் விஎம்வேர் டூல்ஸைக் கேட்டேன்: பலூன், ஏழாயிரத்துச் சொச்சம் எம்பி!

ஹோஸ்டில் (விஎம்கள் ஓடும் நிஜ மெஷின்) இருப்பதே 32 ஜிபி, நாலு விஎம்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தது 48 (கொடுத்த புண்ணியவான் நான்தான்). எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும்போது விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர், கெஸ்டுக்குள் (அதாவது விஎம்முக்குள்) இருக்கும் பலூன் டிரைவரை ஊதி மெமரியை உருவிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இது எதுவும் தெரியாது, பஃபர் ராமில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஸ்வாப்பில் (ராம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) இருந்து படித்துக்கொண்டிருக்கும்.

டெஸ்ட் விஎம்மை அணைத்துவிட்டு, டேட்டாபேஸ் விஎம்முக்கு 16 ஜிபியையும் முழுசாக ரிசர்வ் செய்தேன். பலூன் பூஜ்யம். விசிபியு 8 ஆக இருந்தபோது, ஹோஸ்டின் நிலையைக் காட்டும் இஎஸ்எக்ஸ்டாப்பில் ரெடி நேரம் விசிபியு ஒன்றுக்கு 15 சதவீதத்துக்கு மேல் இருந்தது, அதாவது வேலை கையில் இருந்தும் நிஜ கோருக்காகக் காத்துக் கிடக்கிறது. விசிபியுவைத் திரும்ப 4 ஆக்கியதும் 3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. டிஸ்க் எஸ்எஸ்டி என்பதால் ரேண்டம் பேஜ் காஸ்ட்டை (டிஸ்க்கில் அங்கங்கே தாவிப் படிக்க ஆகும் செலவு என்று போஸ்ட்கிரெஸ் போடும் மதிப்பு) 4-இல் இருந்து 1.1 ஆக்கினேன், அதில் சின்ன லாபம்தான்.

இப்போது பில் இரண்டு விநாடி. போன வருஷம் எடுத்த ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அன்றைய நிலையை அப்படியே பிடித்து வைப்பது) ஒன்று இன்னும் அழிக்காமல் கிடக்கிறது, டிஸ்க்கில் எழுதுவதெல்லாம் அதன் டெல்டா கோப்புக்குத்தான் (மாற்றங்களை மட்டும் வைக்கும் கோப்பு) போகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, அன்றைக்குத்தான் அதில் கை வைக்க வேண்டும்.