தாத்தாவின் வெப்பமானி

ஏற்காடு வீட்டுத் திண்ணையில் தாத்தா மாட்டிய வெப்பமானிக்குப் பக்கத்தில் போன மாதம் புதிதாக ஒன்றை மாட்டினேன். புதியது எப்போதும் அரை டிகிரி கூடவே காட்டுகிறது. அப்படியானால் தாத்தாவின் 30 வருட நோட்டு வீணா? இல்லவே இல்லை. வித்தியாசம் தெரிந்துவிட்டதே, திருத்திக்கொள்ளலாம்.

கடலிலும் இதுதான் நடந்தது. 1960-களிலிருந்து கப்பல்களில் மெல்லிய கம்பியோடு இறக்கிய எக்ஸ்பிடி என்னும் கடல் வெப்பமானிகள் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. விழும் நேரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். அந்த வேகக் கணக்கு பிசகியதால் 1970-களில் கடல் திடீரென்று சூடானதுபோலத் தெரிந்தது. திருத்தியதும் வரைபடத்தில் தெரிந்த அந்த மேடு பெருமளவு தணிந்தது. கடல் சூடாகி வருவது மட்டும் மாறவில்லை. பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் போகிறது.

இப்போது ஏறக்குறைய 4000 ஆர்கோ என்னும் தானியங்கி மிதவைகள் 10 நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழம்வரை கடலின் வெப்பநிலையை அளந்து அனுப்புகின்றன.

இன்று காலை ஆறு மணி: பழையது 17, புதியது 17.5.