தாடைக் கட்டி: பயாப்சி பிளாக்கைக் கையில் வாங்குவதற்குள் பட்ட பாடு

தம்பிக்குக் கீழ்த்தாடையில் இருந்த கட்டியை எடுத்து, கால் எலும்பை வைத்துத் தாடையைச் சரிசெய்து, வீட்டுக்கும் வந்துவிட்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு முந்தைய அலைச்சலை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. முக்கால்வாசியும் காகிதத்தால் வந்த அலைச்சல். இதே வழியில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வலியே இல்லாமல் மெதுவாக வந்த வீக்கம் அது. கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்ததும் பல் மருத்துவரிடம் போனோம். இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரேயில், முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி ஒரு கறுப்புத் திட்டு. நீர்க்கட்டி என்றார்கள். சிறு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டும் நீர்க்கட்டி என்றே வந்தது. கடைசி வரியில் மட்டும் "எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று இருந்தது. சுரண்டி எடுத்தால் போதும் என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

அந்தக் கடைசி வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆய்வகத்துக்குப் போன படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். "கீழ்த்தாடை வீக்கம்", அவ்வளவுதான் எழுதியிருந்தது. எந்தப் பக்கம் என்றுகூட இல்லை. எக்ஸ்ரே கூடப் போகவேயில்லை. தாடை எலும்பு விஷயத்தில் இது சாதாரணக் குறை இல்லை. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும் நோய்கள் தாடையில் பல உண்டு. உதாரணமாக, பெருஞ்செல் புண் (பெரிய செல்கள் நிறைந்த எலும்புப் புண்) என்று ரிப்போர்ட் வந்தால், கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகம் வேலை செய்வதால் வந்ததா என்று ரத்தத்தில் கால்சியம் பார்க்காமல் சொல்லவே முடியாது. ஆகவே பயாப்சி படிவத்தில் என்ன எழுதினார்கள், எக்ஸ்ரேயை இணைத்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

சுரண்டும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு வாய், தாடை அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை, முதலில் எக்ஸ்ரேயை எடுத்தார். கடைவாய்ப்பல் வேர்களின் நுனி அரிக்கப்பட்டிருந்ததைக் காட்டினார். அப்புறம் கையுறை போட்டு நாக்குப் பக்கம் விரலால் தடவினார். எலும்பு உள்பக்கமும் புடைத்திருந்தது. "இதற்கு அமெலோபிளாஸ்டோமா இல்லை என்று உறுதியாகாமல் கை வைக்கக்கூடாது" என்றார். அது பல் உருவாக்கும் திசுவிலிருந்து தாடையில் வரும் கட்டி; பெரும்பாலும் உடம்பில் வேறெங்கும் பரவாது. ஆனால் எலும்பின் உள்ளிடைவெளிகளில் எக்ஸ்ரேக்குத் தெரியாமல் ஊர்ந்து போகும். வெறுமனே சுரண்டினால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். வழக்கமான வகை என்றால், எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து எடுப்பார்கள். இரண்டும் முற்றிலும் வேறு ஆபரேஷன். "ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் வாங்கி வாருங்கள்" என்று அனுப்பினார். பயாப்சித் துண்டை மெழுகில் பதித்து வைப்பதுதான் பாரஃபின் பிளாக்; அதிலிருந்து மெல்லியதாகச் சீவி ஸ்லைடில் ஒட்டிப் பார்ப்பார்கள்.

பாடு இங்கேதான் தொடங்கியது. ஆய்வகக் கவுன்ட்டரில் இருந்தவர், "ரிப்போர்ட் கொடுத்தாச்சே சார், பிளாக்கெல்லாம் வெளியே போகாது" என்றார். மருத்துவர் கடிதத்தைக் காட்டினேன். முத்திரை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். முத்திரையோடு போனால், கையெழுத்துப் போட வேண்டியவர் மதியத்துக்கு மேல் இருக்க மாட்டாராம். இதை முந்தைய தடவையே சொல்லியிருக்கலாம் இல்லையா? வாசலில் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் நேராக, திசுவைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோய்க்குறியியல் மருத்துவரையே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். அவர் வந்து இரண்டே நிமிடத்தில், திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு பிளாக்கைக் கொடுத்துவிட்டார். உங்களுக்கும் மறுத்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். பிளாக்கிலிருந்து சாயமேற்றாத ஸ்லைடுகளாவது வெட்டித் தரச் சொல்லலாம். பிளாக் எண் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்தானா என்று கவுன்ட்டரிலேயே சரிபாருங்கள்.

பழைய ஸ்லைடில் அழற்சியோடு கூடிய நீர்க்கட்டிச் சுவர்தான் இருந்தது. பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பிளாக்கை மறுபடி பார்த்த புதிய நோய்க்குறியியல் மருத்துவர் என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத் தீவுகள். அவற்றின் ஓரத்தில் உயரமான செல்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் உட்கருவும், செல்கள் உட்கார்ந்திருக்கும் அடிச்சவ்வை விட்டு விலகி எதிர்ப்பக்கம் ஏறியிருந்தது. 1970இல் விக்கர்ஸும் கோர்லினும் வகுத்துச் சொன்ன அடையாளங்களில் இதுவும் ஒன்று என்றார். அமெலோபிளாஸ்டோமா, வழக்கமான வகை. ஸ்லைடை மட்டும் வாங்கிப் போயிருந்தால் சுரண்டும் ஆபரேஷன்தான் நடந்திருக்கும்.

சி.டி. ஸ்கேனிலும் ஒரு வீண் அலைச்சல். மையத்தில் பிலிம் மட்டும் கொடுத்தார்கள். கால் எலும்பை எங்கே வெட்டி எப்படிப் பொருத்துவது என்று கணினியில் திட்டமிட, மெல்லிய வெட்டுகளின் முழு டைகாம் தரவு (ஸ்கேனின் மூலக் கணினிக் கோப்புகள்) வேண்டும். ஸ்கேன் எடுக்கும் அன்றே குறுந்தட்டில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. இந்தக் கட்டிகள் பலவற்றில் பிராஃப் வி600ஈ என்ற மரபணு மாற்றம் இருப்பதை 2014இல் ஆய்வுகள் வெளியிட்டன. கீழ்த்தாடைக் கட்டிகளில் இது அதிகம். அதைக் குறிவைக்கும் டப்ராஃபெனிப் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. தம்பிக்கு இப்போது அந்த மருந்து தேவையில்லை. கட்டி திரும்பினால் தேவைப்படலாம் என்பதால் சோதிக்கச் சொன்னோம். பழைய பிளாக்கில் மிச்சமிருந்த திசு போதவில்லை. வெட்டியெடுத்த தாடையை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். அதனால் எலும்பில்லாத மென்திசுப் பகுதியைத் தனியாக எடுத்து வைக்கும்படி ஆபரேஷனுக்கு முன்பே எழுதிக் கொடுத்தோம். எடுத்து வைத்தார்கள். மாற்றம் இருப்பது உறுதியானது. அந்த ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

கீழுதட்டில் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லை. அந்த நரம்பும் கட்டியோடு போய்விட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தை வரிவரியாகப் படித்தேன். நோய் என்ற இடத்தில் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து "நீர்க்கட்டி" என்றே தட்டச்சு செய்திருந்தார்கள். இந்தக் கட்டி 10 ஆண்டு கழித்தும் திரும்புவதுண்டு. அன்றைக்கு வேறு மருத்துவர் இந்தத் தாளைப் பார்த்தால் எக்ஸ்ரே எடுக்கவே மாட்டார். "பரவாயில்லை, ஃபைலில் எல்லாம் இருக்கு" என்றார் எழுத்தர். நாங்கள் நகரவில்லை. நோயின் பெயர், வகை, வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை என்ற விவரம், பிளாக் எண், நான்கையும் சேர்த்துத் திருத்திய தாளை, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம்.